கடைசிப் பாராவில் கேள்வி வராது

என் அருமைத் தங்கச்சி ஜமீலாவுக்கு,

உன் மகள் நஸீமா போன வாரம் உரக்கடைக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "மாமா, அம்மாவோட லேப் ரிப்போர்ட் உங்ககிட்டதான இருக்கு? குடுங்க, நான் படிக்கணும்" என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவே வேண்டாம். மேஜை டிராயரில், விதைக் கம்பெனி காலண்டருக்கு அடியில் இருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அப்படியே உன் பார்வை.

இதை நீ படிக்கப்போவதில்லை. ஒரத்தநாட்டில் உன்னிடம் டியூஷன் படித்துப் போனவர்கள் படிக்கட்டும் என்றுதான் ஊரறியப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

உன் டுடோரியல் ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை குவைத்துக்குப் போன வருஷம். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, நஸீமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். கடை மாடியை ஒழித்துக் கொடுத்தேன். அப்போது நம் பக்கத்துப் பையன்களுக்கு ஒரே கனவு, பாஸ்போர்ட். பத்தாவது பாஸாகிவிட்டால் வெளிநாட்டுக் காகித வேலையெல்லாம் சுலபம். இங்கிலீஷில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

நீ ஒரு பத்தியைப் படிக்கக் கொடுப்பாய். முடித்ததும், "தாளைக் கவுத்து வைங்க. உள்ள என்ன இருந்துச்சு, தமிழ்ல சொல்லுங்க" என்பாய். கேள்வி பதிலெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு நாள் ஒருத்தன், "ஒரு ஆளு கிணத்துல விழுந்துட்டான் டீச்சர்" என்றான். "ஏன் விழுந்தான்?" என்று கேட்டாய். "அதை அவன்ட்டதான் டீச்சர் கேக்கணும்." கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் உன் சிரிப்பும் இருந்தது.

எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. ஒரு பத்திக்கு ஒரு சாயங்காலமா? பழைய கேள்வித்தாள்களை வாங்கிவந்து, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பார்த்தேன். ஒன்பதாவதோடு நின்றவன்தான், ஆனால் எந்தச் சரக்கு எங்கே ஓடும் என்று மோப்பம் பிடிக்கத் தெரியும். ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன். கேள்வியை முதலில் படி. அதிலிருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு. கிடைத்த வரியை அப்படியே இறக்கு. எங்கே என்று கேட்டால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல், எப்போது என்றால் எண். கடைசிப் பாராவில் கேள்வி வராது, அதை விட்டுவிடு.

"இது படிக்கிறது இல்லண்ணே, பொறுக்குறது" என்றாய்.

"பாஸாயிட்டா போதும்மா. ரியாத்துக்குப் போயி கதையா படிக்கப் போறானுங்க?"

"அங்கயும் காகிதத்துலதானே கையெழுத்துப் போடணும்?"

"அதை ஏஜெண்ட் பாத்துக்குவான். நீ சொன்னதைச் சொல்லிக் குடு."

மாடி என்னுடையது. நான் சொன்னதை உன் கையெழுத்தில் போர்டில் எழுதினாய். அடுத்த ரிசல்ட்டுக்குப் பையன்கள் லட்டு டப்பாவோடு வந்தார்கள். நான் நோட்டீஸ் அடித்தேன்.

வருஷங்கள் அப்படியே ஓடின. பிறகு அந்த ஆடி மாதம். உனக்கு மார்பில் கட்டி என்று தஞ்சாவூர் டாக்டர் சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். உர லோடு விஷயமாகப் போனவன் நானே வாங்கினேன். லேப் படிக்கட்டில் நின்று பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ். என் முறைதான் இருக்கிறதே. முதலில் கேள்வி: கேன்சரா? அந்தச் சொல்லைத் தேடி விரல் வைத்து ஓட்டினேன். இல்லை. நடுவில் 'நார்மல்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. நார்மல்."

"முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"குடுங்க, நானும் பாக்குறேன்."

"கடையில இருக்கு. நீ வேற எழுத்தெழுத்தாப் படிச்சுப் பயந்துகிட்டுக் கிடப்ப. நடவு முடியட்டும், டாக்டர்ட்ட போவோம்."

ஏன் நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை? என்னை நம்பினாயா? இல்லை, பயந்தாயா?

ஆற்றில் தண்ணீர் வந்தது. யூரியாவுக்கு வரிசை நின்றது. நடவும் களையெடுப்பும் முடிந்தன. கார்த்திகையில் கையைத் தூக்கிப் போர்டில் எழுத முடியவில்லை என்றாய். அப்போதுதான் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டை அடிவரை படித்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாலு மாசம் ஆச்சே, எங்க இருந்துச்சு இது?" அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினார். அந்த வியாதிதான், டாக்டர்கள் எழுதும் வேறு பெயரில். ஆரம்ப நிலை, உடனே ஆபரேஷனுக்குக் காட்டவும் என்று இருந்தது. இப்போது பரவிவிட்டது, ஆபரேஷனுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ அதை இரண்டு முறை படித்தாய். கல்லணைக் கால்வாய்ப் பாலம் தாண்டியதும் மடியில் கவிழ்த்து வைத்தாய். "அண்ணே, தாளைக் கவுத்துட்டேன். உள்ள என்ன இருந்துச்சு, சொல்லுங்க." அதில் கோபம் இல்லை. மாடியில் பையன்களிடம் கேட்கிற அதே குரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பங்குனியில் உன்னை மண்ணில் வைத்தோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "விதி பாய், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஊர் தேற்றுகிறது. தலையாட்டுகிறேன். ரிப்போர்ட் நாலு மாசம் என் டிராயரில் கிடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம்கூட. திட்டிவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாடியில் இப்போது பொட்டாஷ் மூட்டை. போர்டை அழிக்க மனசில்லை, பார்க்கவும் தைரியமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புது டுடோரியல் வந்திருக்கிறது. வாசல் போர்டில் என் வரி: கடைசிப் பாராவில் கேள்வி வராது. போய்ச் சொன்னேன், அதை எடுத்துவிடுங்கள் என்று. "உங்க டெக்னிக்தான் பாய், நல்லா ஓடுது" என்று அதை நடத்துகிறவர் டீ வாங்கிக் கொடுத்தார். சவூதியிலிருந்து உன் பழைய மாணவன் ஒருத்தன் எழுதியிருந்தான். ஒப்பந்தத்தில் சம்பளத்தைத் தேடிப் பார்த்தானாம். கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லையாம். ஊருக்கு வர விடமாட்டேன் என்கிறார்களாம். அவனுக்கு என்ன பதில் எழுதுவது?

பஸ்ஸில் நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். உள்ளே இருந்தது இதுதான், ஜமீலா: உனக்கு நேரம் இருக்கிறது, உடனே வா. அந்த நேரத்தை நான் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

இந்தக் கடிதம் அச்சாவதற்குள் ரிப்போர்ட் நஸீமா கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறக்க மாட்டேன், அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் உன் பிள்ளை, கடைசி வரி வரை படிப்பாள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு என்னைக் கேட்பாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். இது சத்தியம். அதற்குப் பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு மாமா,
என்றைக்கும் உனக்கு அண்ணன்,
உரக்கடை ஷாஜஹான்