சாருக்கு ஒரே மாணவி

மார்ச் 4
இன்றும் அவருக்குக் கட்டிய மனைவி என்னை அடையாளம் தெரியவில்லை. காபி கொடுத்தால், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்கிறார். அறுபதைத் தாண்டியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மார்ச் 6
மகள் அவருடைய பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். ஓய்வுபெறும்வரை பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று. புரட்டிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "டியூஷனுக்கா வந்த? லேட்டு. உட்காரு."
உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் வரை என்னோடு பேசினார்! 'ம்', 'வேணாம்' தவிர வேறெதையும் எத்தனையோ மாதமாகக் கேட்காத காது இது.

மார்ச் 7
அட்வெர்ப். தமிழில் வினையடையாம். "முதல்ல வினையைப் பிடி. அப்புறம் எப்படி, எங்கே, எப்போன்னு கேளு. எந்த வார்த்தை பதில் சொல்லுதோ அதான் அட்வெர்ப்." 'ஷீ வாக்ஸ் ஸ்லோலி.' எப்படி நடக்கிறாள்? ஸ்லோலி. முட்டிவலிக்காரிக்குப் பொருத்தமான உதாரணம்தான்.
கல்யாணமான புதிதில், எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்களேன் என்று கெஞ்சியிருக்கிறேன். "உனக்கெதுக்கு இப்ப?" என்று பேப்பரை விரித்துக்கொள்வார்.

மார்ச் 11
திட்டு வாங்கினேன். 'லி' என்று முடிந்தால் எல்லாம் அட்வெர்ப் என்று நினைத்து 'ஃப்ரெண்ட்லி'க்கு அடியில் கோடு போட்டுவிட்டேன்.
"வாலைப் பார்த்து முடிவு பண்ணாதே! என்ன வேலை செய்யுதுன்னு பாரு. 'ஃப்ரெண்ட்லி டாக்' - நாயைத்தானே சொல்லுது? 'ரன்ஸ் ஃபாஸ்ட்' - வாலே கிடையாது, ஆனா அட்வெர்ப்."
மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அந்தக் குரல்! திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 12
வகுப்பு இல்லை. தூங்கியபடியே கிடந்தார். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 15
மகள் வந்து கதவோரமாக நின்று பார்த்தாள். "சார் சார்னு கூப்பிடுறீங்களேம்மா, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"
கஷ்டமாக இல்லாமல்? ஆனால் சார் என்றால் திரும்புகிறார். 'என்னங்க' என்றால் திரும்ப மாட்டேங்கிறாரே, நான் என்னதான் செய்ய?

மார்ச் 19
இன்று பரீட்சை. 'ஹீ ஆல்வேஸ் கம்ஸ் ஹோம் லேட்.' எங்கே என்று கேட்டு 'ஹோம்', எப்போ என்று கேட்டு 'ஆல்வேஸ்', 'லேட்' - மூன்றையும் பிடித்தேன். 'வெரி ஹாட்'டில் வினையே இல்லை. எவ்வளவு சூடு என்று கேட்டு 'வெரி'யையும் பிடித்துவிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.
"வெரி குட்!" என்றார், வாய் நிறைய. என் ஆயுசில் அவரிடம் வாங்கிய முதல் சபாஷ். பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.
அவர் புத்தகத்தை மூடினார். "இனிமே நீ வர வேண்டாம்மா. உனக்கு எல்லாம் வந்துடுச்சு."

மார்ச் 20
மடச்சி. ஒன்றிரண்டைத் தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒரு சபாஷுக்கு அலைந்தேனே! புத்தகத்தை நீட்டினால் ஒதுக்கிவிடுகிறார். மறுபடியும் யாரோ ஆகிவிட்டேன்.

மார்ச் 24
வேறு புடவை கட்டிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு, எதிரே போய் நின்றேன். "புதுசா சேர வந்திருக்கேன், சார்."
"கிளாஸெல்லாம் நிறுத்திட்டேன்மா." குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குக் கிளம்புறேன். வேலை வேலைன்னு எங்க வீட்டம்மாகிட்ட உட்கார்ந்து பேசினதே இல்ல. பாவம், அவ தனியா இருப்பா."
செருப்பை எடுத்துப் போட்டேன். வாசலுக்கு வந்தவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். கையைப் பிடித்தேன். உதறவில்லை. "வாங்க சார், நான் கொண்டுபோய் விடுறேன்."
தெருவை ஒரு சுற்று சுற்றி, இதே வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். உள்ளே நுழைந்ததும், "எங்கே அவ?" என்று ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.