தட்டுக்கரைக்கு ஒரு சுடுகாடு

அக்கா,

நீங்கள் கொடுத்த மனுவின் பேரில் தட்டுக்கரைச் சுடுகாட்டுக்கு இடம் அளந்து கல் நட்டுவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் இன்று காலை தொலைபேசியில் உறுதி செய்தார். பேசி முடித்ததும் நீங்கள் மணல் அரித்த மரத்தட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். விளிம்பில் இன்னும் ஆற்றுமணல் ஒட்டியிருக்கிறது.

வெள்ளம் வடிந்த மணலில் பொன்துகள் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் செய்தி சேகரிக்க வந்தேன். அப்போது அங்கே ஆறும் உங்கள் டீக்கடையும்தான். அடுத்த முறை வந்தால் தகரக் கொட்டகைகள், கோழிக்கடை, ரீசார்ஜ் கடை, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகைக்கு விட வந்தவர். எல்லோரும் தட்டில் மணல் அரித்ததால் மினிபஸ் கண்டக்டர் 'தட்டுக்கரை' என்று கூவத் தொடங்கினார். பெயர் வந்துவிட்டது. ஆனால் "எந்த ஊருங்க?" என்று நீங்கள் கேட்டால், ஒவ்வொருவரும் விட்டுவந்த ஊரைத்தான் சொன்னார்கள்.

கரை சரிந்து அந்தியூர்க்காரர் ஒருவர் இறந்தார். எரிக்க இடமில்லை; டெம்போவில் ஏற்றி அவர் ஊருக்கே அனுப்பினோம். மறுநாளே நீங்கள் மனு கொடுக்கக் கிளம்பினீர்கள்.

"கடை போட்ட கையோட சுடுகாடு கேக்கறீங்களே அக்கா, யாவாரம் வெளங்குமா?" என்று மோட்டார்க்காரர் சிரித்தார்.

"ஏனுங்க, சாவறதுக்கு நீங்க பஸ் புடிச்சு ஊருக்குப் போவீங்களாக்கு?" என்றீர்கள்.

பொன் தீர்ந்தது. கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். நீங்களும் சில குடும்பங்களும் மிச்சம். நான் அவ்வப்போது வந்து டீ குடிப்பேன். பேச எனக்கும் வேறு ஆள் இல்லை. கிளம்பும்போது, "வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க கண்ணு" என்பீர்கள்.

மனு நகர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்; உங்களைக் கோவையில் மின்மயானத்தில்தான் எரித்தோம். சொந்த ஊர் கேட்டார்கள். தட்டுக்கரை என்றேன்.

"அப்படி ஒரு ஊரே இல்லீங்களே சார்" என்றார் அங்கிருந்தவர்.

மறுபடியும் தட்டுக்கரை என்றே சொன்னேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோவை ஆர்.எஸ்.புரம். அந்த வீட்டில் இப்போது நான் மட்டும். ஆனாலும் யாராவது ஊர் கேட்டால் தட்டுக்கரை என்றுதான் சொல்கிறேன். என்னையும் அங்கேதான் எரிக்க வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொல்லிவைத்தேன். "அது எங்கப்பா இருக்கு?" என்றான்.

தாசில்தார் உத்தரவு ஒன்றுதான் பாக்கி. தை முடிவதற்குள் வரும் என்கிறார்கள்.