ட்ரிபிள் செவனுக்கு ஒரு சாவி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "மேடம், மறுபடியும் பர்மிஷன் டினைட்" என்றார். ஏதோ நான்தான் அதை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

அவருக்கு ட்ரிபிள் செவன் என்று பெயர் வைத்தவள் நான். ஒரு ஃபைலில் எழுத அனுமதி இல்லை என்று சர்வர் சொன்னால் யாரால் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று பார்க்கமாட்டார். 777 என்று ஒரு கட்டளை. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். கதவு இறுகினால் கதவையே கழற்றி வைத்துவிடுகிற சுபாவம். மற்றபடி நல்ல மனிதர்.

வழக்கம்போல நான் ரூட்டாக உள்ளே போய் அவருடைய வேலையை, எல்லோர் எழுதிய நிரலும் வந்து சேர்கிற கிட்டில் (git) ஏற்றிக்கொடுத்தேன். ரூட் என்றால் சர்வரில் எதையும் செய்யலாம், தடுக்க ஆளில்லை. அந்தக் கடவுச்சொல் இந்த அலுவலகத்தில் என் ஒருத்தி தலைக்குள்தான் இருக்கிறது. பள்ளி வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றோருக்குப் போனில் காட்டுகிற செயலி எங்களுடையது. நாங்கள் சுணங்கினால் பிள்ளைகள் தெருமுனையில் நிற்க வேண்டியிருக்கும்.

மார்ச் 5, புதன்

என் கழுத்துக் கட்டியை எடுத்தே ஆக வேண்டுமாம். பதினெட்டாம் தேதி. "அப்புறம் கொஞ்ச நாள் பேசக் கூடாது. குரல் மாறலாம். திரும்பிடும், பெரும்பாலும்" என்றார் டாக்டர். கூட வந்த என் வீட்டுக்காரர் அந்தப் 'பெரும்பாலும்' எவ்வளவு என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஓடியது வேறு. பேசாமல் எப்படிப் போனில் ட்ரிபிள் செவனைச் சமாளிப்பது?

மார்ச் 6, வியாழன்

மேனேஜரிடம் சொன்னேன். முகத்தில் நிஜமான கவலை. பிறகு, "லேப்டாப்பை மட்டும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடறீங்களா? சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

வீட்டில் இவரிடம் சொன்னதற்கு, "ஆபரேஷன் தியேட்டர்ல ப்ளக் பாயின்ட் இருக்கான்னு விசாரிக்கட்டுமா?" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே, "அவங்களுக்குத் தெரியலையா, நீ தெரிய விடலையா?" என்றார்.

குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று கூப்பிட்டது டிசைன் வேலை பார்க்கிற பெண். "அக்கா, நேத்துவரைக்கும் ஏறிச்சு, இப்போ ஏறல." சரி என்று எழுந்து போய், ரூட் வேலையைத் தொடங்கும் முன் முதல்முறையாக ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். எந்த ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று வரிசையாக.

சர்வரில் ஒரு ஃபைலை யார் உண்டாக்குகிறாரோ, அது அவர் பெயரில் உட்காரும். நான் ரூட்டாகப் போய் ஏற்றுவதெல்லாம் ரூட் பெயரில். அடுத்த நாள் இவர்களுடைய வேலை அதே ஃபோல்டருக்குள் எழுதப் பார்க்கும். அது ரூட்டின் சொத்து, தொடாதே என்று சர்வர் சொல்லும். உடனே என்னைக் கூப்பிடுவார்கள். நான் மறுபடி ரூட்டாகப் போவேன்.

ஆக, ஒவ்வொரு முறையும் நான் சரிசெய்த கையோடு அடுத்த கோளாறை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தெரிந்தே செய்தேனா? இல்லை. தெரிந்துகொள்ள அவசரப்படவும் இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். மதியம் திரும்பினால் அலுவலகமே எழவு வீடு மாதிரி கிடக்கிறது. ட்ரிபிள் செவன் மேசையில் டீ ஆறிப்போயிருந்தது.

நான் இல்லாதபோது அதே எரர் வந்திருக்கிறது. மனிதர் தானே பார்த்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். ரூட்டின் ஃபைல்களை அவரால் தொட முடியாது. அதனால் கைக்கு எட்டிய தன் ஃபோல்டர் முழுவதற்கும், மேலிருந்து கீழ்வரை, 777. முதலில், ஓர் எழுத்துகூட மாறாத ஃபைல்கள் எல்லாம் மாறிவிட்டதாக கிட் பட்டியல் போட்டிருக்கிறது. பயந்துபோய் சர்வரைவிட்டு வெளியே வந்திருக்கிறார். திரும்ப நுழைய முடியவில்லை. அவர் சர்வருக்குள் போகப் பயன்படுத்துகிற சாவி ஃபைலும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. ஊருக்கே திறந்து கிடக்கிற சாவியை சர்வர் நம்பாது.

"எல்லாருக்கும் திறந்துவிட்டேன் மேடம். என்னையே உள்ள விடல."

எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. நன்றாக இருந்தது.

சரிசெய்துகொடுத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போய், பார்த்தீர்களா என்கிற முகத்தோடு நின்றேன். அவர், "உங்களுக்கு அடுத்து சீனியர் அவர்தான். ரூட் சாவியை அவர்கிட்டதான் கொடுக்கணும். வேற யார்கிட்ட கொடுக்கறது, சொல்லுங்க" என்றார்.

மார்ச் 13, வியாழன்

முழு நாளும் இதற்கே போயிற்று. ஆனால் ஒழுங்காகச் செய்தேன்.

சர்வரில் ஒரு குழு உண்டாக்கினேன். கிட்டின் களஞ்சியத்தில் ரூட் பெயரில் இருந்ததையெல்லாம் அந்தக் குழுவுக்கு மாற்றினேன். இனி உள்ளே பிறக்கிற எந்த ஃபைலும் குழுவின் பெயரிலேயே பிறக்கும்படி ஃபோல்டர்களுக்கு அடையாளம் வைத்தேன். இது பலர் புழங்குகிற இடம் என்று கிட்டுக்கும் சொல்லிவைத்தேன். குழுவில் இருப்பவர்கள் எழுதலாம், மற்றவர் முடியாது. 777 தேவையே இல்லை.

ட்ரிபிள் செவன், டிசைன் பெண், மேனேஜர் மூவரையும் சேர்த்தேன். மேனேஜர் ஒரு வரி எழுதமாட்டார், ஆனால் விட்டுவிட்டால் முகம் தொங்கிப்போகும். இருமுறை சரிபார்த்தேன். யாரும் விடுபடவில்லை.

டிசைன் பெண் அவசரக்குடுக்கை. சேர்த்த உடனே முயன்று பார்த்துவிட்டு, "அக்கா, அதே எரர்தான்" என்று மூக்கால் அழுதாள்.

"வெளிய போயிட்டு மறுபடி உள்ள வா. சேத்தது அப்பத்தான் அதுக்கு உறைக்கும்."

போய் வந்தாள். ஏறியது.

மார்ச் 14, வெள்ளி

சாவியைக் கொடுத்துவிட்டேன். அவரவர் பெயரிலேயே உள்ளே போய், தேவைப்படும்போது மட்டும் ரூட்டின் அதிகாரத்தை வாங்கிக்கொள்கிற வழி இருக்கிறது. அது இனி ட்ரிபிள் செவனுக்கு உண்டு.

"777 போடமாட்டேன்னு சொல்லுங்க."

"சத்தியம் பண்ணணுமா மேடம்?"

"சொன்னா போதும்."

சொன்னார். விளையாட்டாக இல்லை. அதனால் மேலே குத்திக்காட்ட மனம் வரவில்லை. நான் போன பிறகு நேராக ரூட்டாக நுழைகிற வழியை மூடிவிடச் சொன்னேன். யார் எதைச் செய்தாலும் அவரவர் பெயரில் இருக்கட்டும்.

"இப்பவே நீங்களே மூடிடலாமே?"

"திங்கக்கிழமை வரைக்கும் நான் இருக்கேனே" என்றேன். அப்போது எனக்கே அது நியாயமான காரணமாகத்தான் தோன்றியது.

மார்ச் 17, திங்கள்

ஆஸ்பத்திரிப் பை கட்டியாகிவிட்டது. லேப்டாப்பை வைத்தேன். இவர் எடுத்தார். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்து, அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பயமாக இருக்கிறது. ஆபரேஷனுக்குத்தான்.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது. கழுத்தில் கட்டு. பேச்சு இல்லை. விழுங்கினால் வலி.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. போன் அடிக்கவே இல்லை. ரிப்பேரோ என்று இவரை விட்டு அடிக்கச் சொன்னேன், சைகையில்தான். நன்றாகவே அடித்தது.

என்னையே திட்டிக்கொண்டேன்: கூப்பிடக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சே? கூப்பிடலைன்னா அதுக்கும் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கே? போடி பைத்தியம்.

மார்ச் 28, வெள்ளி

குரல் வந்தது. "தண்ணி" என்றேன். எண்ணெய் போடாத கீல் மாதிரி இருந்தது. இவர் தண்ணீர் கொண்டுவர மறந்து அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டம்மா போனைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள், வேன் திரும்பியது, குழந்தை குதித்தது. என் போனிலும் செயலியைத் திறந்தேன். கீழ் மூலையில் புதிய பதிப்பு எண். நான் கை வைக்காமல் மாறிய முதல் எண் அது. சந்தோஷம் என்று எழுதலாமா? பாதி.

ஏப்ரல் 8, செவ்வாய்

மறுபடி அலுவலகம். என் மேசையில் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை, தூசியும் இல்லை. மெதுவாகத்தான் பேச வேண்டும் என்பதால் தலையை ஆட்டியே எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன்.

பழக்கத்தில் ரூட்டாக நுழையப் போனேன். மூடியிருந்தது. ட்ரிபிள் செவன் சொன்னபடி செய்திருக்கிறார். சரி என்று என் சொந்தப் பெயரில் போனேன். அந்தப் பெயரைத் தொட்டு எத்தனை வருஷமோ. சின்னத் திருத்தம் ஒன்று செய்து ஏற்றினேன்.

பர்மிஷன் டினைட்.

தூக்கிட்டாங்க. நான் படுத்திருந்தப்போ என்னைத் தூக்கிட்டாங்க. யார் செஞ்சது? மேனேஜரா? ட்ரிபிள் செவனா? குழுவைத் திறந்து பார்த்தேன். அதே மூன்று பெயர்கள். நான் எழுதிய வரிசை மாறாமல் அப்படியே.

யாரும் நீக்கவில்லை. நான் என்னைச் சேர்க்கவே இல்லை. ரூட்டாக இருந்தவளுக்குக் குழு எதற்கு என்று தோன்றக்கூட இல்லை. மேனேஜர் முகம் தொங்குமே என்று நினைத்தவளுக்கு.

என்னைச் சேர்க்கிற அதிகாரம் இப்போது ட்ரிபிள் செவனிடம்தான், வேறு வழியில்லை. நாற்காலியைச் சுழற்றித் திரும்பினேன்.

"சார்," என்றேன். கரகரவென்று வந்தது. "பர்மிஷன் டினைட்."

ட்ரிபிள் செவன் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுபவிக்கிறார் என்று தெரிந்தது. "777 போட்டுடவா மேடம்?"

டிசைன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன், கழுத்து வலித்தது.

அவர் போடவில்லை. தன் பெயரில் உள்ளே போய், என் பெயரைக் குழுவில் சேர்த்தார். ஒரே வரி. அதற்கு மேல் எதையும் தொடவில்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்டர் தட்டிய உடனே என் பக்கம் திரும்பி மறுபடி ஏற்றினேன். அதே எரர். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அவர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க மேடம். அப்பத்தான் உறைக்கும்."

வெளியே போனேன். உள்ளே வந்தேன். ஏறியது.