அன்றைக்கு அவன் ரியூசனில் இருந்தான்

காலையில் உன் வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறையப் பல்லுக்கொழுக்கட்டை வந்தது. மூடியைத் திறந்ததும் அவித்த மாவும் வறுத்த பயறும் மணத்தன. ஓரங்களில் பல் வரிசைபோலத் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகள். உன் பேரனுக்கு முதற் பல் முளைத்துவிட்டதாம். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. அவனை நீ காணவில்லை. அந்த ஒன்றில் மட்டும் உன்மேல் எனக்குப் பொறாமை இல்லை.

நம் மகன்மார் இருவருக்கும் ஒரே மாதத்தில் பல் முளைத்தது. இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில், ஒரே பாயில் இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டினோம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வருங்காலம் என்று, முன்னால் புத்தகம், பேனை, நெல், காப்பு எல்லாம் பரப்பியிருந்தது. என் மகன் நெல்லை நோக்கித் தவழ்ந்தான். நான் ஒருவரும் காணாதபடி பேனையை அவன் கைக்குக் கிட்ட நகர்த்தினேன். நீ கண்டுவிட்டாய்.

"டேய் மச்சான், நீயே எடுத்துக் குடுத்தால் பேந்து அவன் எதுக்குத் தவழுறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவன், பட்டதாரி ஆசிரியனான என்னைச் சபையில் பகிடி பண்ணியதை நான் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பிறகு அந்தச் சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு. யாருடைய வயலுக்கு எந்த நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கடைசி வயல்காரி பாக்கியமக்காவின் முறை நாளன்று, நம் பிள்ளைகள் இருவரும் விரால் பிடிக்க வாய்க்கால் வரம்பை வெட்டினார்கள். தண்ணீர் முழுக்கப் பற்றைக்குள் போயிற்று. அக்காவின் நெல் கதிர் தள்ளும் குடலைப் பருவத்தில் வாடியது. பெடியள் இருவருக்கும் பதினைந்து வயது.

வயல்காரரின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "ஆர் வெட்டினது?"

நீ உன் மகனின் தோளில் கை வைத்தாய். "எழும்பு. எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"நான்தான் வெட்டினனான்."

"தனியவோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "ஓம், தனிய."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே எழுந்து, "என்ர பெடியன் அண்டைக்கு ரியூசனில இருந்தவன்" என்றேன். அன்று மத்தியானம் அவன் முழங்கால்வரை சேற்றோடு, கையில் மீனோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவன் நான். இருவரும் சைக்கிளில் போனதை நீயும் கண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை.

உன் அடுத்த முறைத் தண்ணீரை அக்காவுக்கு விட்டாய். அறுவடைவரைக்கும் உன் மகன் பள்ளி விட்டதும் அவவின் வயலுக்குத்தான் போனான். என் மகன் உண்மையாகவே ரியூசன் வகுப்புக்குப் போனான். பேரெடுக்கிறதுக்காகப் பெற்ற பிள்ளையைச் சபையில் நிறுத்தினவன் என்று என் மனைவியிடம் உன்னைத் திட்டினேன். வவுனியாவுக்குப் போன பஸ்ஸில் உன்னிடமே கேட்டேன், இரண்டு அடி போட்டிருந்தால் போதாதா என்று. "அடிச்சால் ஆறிடும் மச்சான். எழும்பிச் சொன்னது ஆறாது" என்றாய். யன்னலோரக் காற்று உனக்கு, எதிர்ப்பக்கத்து வெயில் எனக்கு. அதுவும் நினைவிருக்கிறது.

இப்போது வாய்க்காலில் தகராறு என்றால் நரைத்த மனிதர்கள் உன் மகனைத் தேடிப் போகிறார்கள். என்னிடம் விண்ணப்பம் நிரப்ப மட்டும் வருகிறார்கள். அவன் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி "மாமா" என்கிறான். இறங்காமல் போனால் எனக்கு ஆறுதலாக இருக்கும். குறை சொல்ல ஒன்று கிடைக்கும்.

என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாட்களுக்கு முன் புளியங்குளம் பக்கம் அவனுடைய மோட்டார் சைக்கிள் ஒரு மீன் வியாபாரியை அடித்துவிட்டது. மனிதருக்குத் தொடை எலும்பு முறிந்தது. இவன் நிற்காமல் வந்துவிட்டான். வண்டியைச் சமையல் குசினிக்குப் பின்னால் விட்டு, தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டு என்னிடம் வந்தான்.

"அப்பா, ஆரும் கேட்டால் நான் விடிய இருந்து வீட்டில எண்டு சொல்லுங்கோ."

கெஞ்சவில்லை. தேத்தண்ணி கேட்கிற குரல். இருபத்தேழு வயதில், நான் சொல்லுவேன் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

அடுத்த நாள் பின்னேரம் வியாபாரியின் மகள் வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை. யாரோ வண்டி இலக்கத்தின் பாதியைக் குறித்திருந்தார்கள்.

"குறை நினைக்காதேங்கோ சேர். உங்கட மகன் நேற்று அந்தப் பக்கம் வந்தவரோ?"

கதவுக்குப் பின்னால் அவன் நிற்பது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய பொய் நாக்கில் தயாராக இருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"ஓம் பிள்ளை. அவன்தான்" என்றேன்.

மகனைப் பொலிசுக்குக் கூட்டிப்போனேன். வாக்குமூலம் கொடுத்தான், பிணையில் விட்டார்கள். அன்றே மாமன் வீட்டுக்கு வவுனியாவுக்குப் போய்விட்டான். என்னோடு கதைப்பதில்லை. "ஊரில நல்ல பேர் எடுக்கப் பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்திட்டியள்" என்கிறாள் மனைவி. உன்னைப் பற்றி நான் சொன்னதை அப்படியே எனக்குத் திருப்பித் தருகிறாள்.

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நீ சபையில் நிறுத்திய பிள்ளை அன்று பின்னேரமே உன் சைக்கிளில் முன்னால் இருந்து வீட்டுக்குப் போனான். உன்னோடு இருந்து சோறு தின்றான். அதே வேலையை நான் செய்தேன். எனக்கு அந்தச் சோறு இல்லை. அன்றைக்கு நீ வாயைத் திறந்து, "மச்சான், உன்ர பெடியனும்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன? நான் உன்னோடு வருடக்கணக்கில் கோபித்திருப்பேன். ஆனால் அவனும் எழும்பியிருப்பான். நண்பன் என்று விட்டுக்கொடுத்தாய். அந்தத் தயவுக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை.

நாள்விட்டு நாள் வவுனியா ஆசுபத்திரிக்குப் போய் அந்த மனிதரைப் பார்க்கிறேன். நேற்று அவருடைய மகள் சொன்னாள்: "சேர், உங்கட மகன் வந்தவர். வார்ட் வாசலில கன நேரம் நிண்டவர். உள்ள வாங்கோ எண்டன். வராமல் போயிட்டார்."

உன் மகன் பதினைந்து வயதில் சபை நடுவில் நின்றான். என்னுடையவன் இப்போதுதான் ஒரு வாசல்வரை வந்திருக்கிறான். நாளைக்கும் நான் அங்கே போவேன். கட்டிலுக்குக் கிட்ட ஒரு கதிரைதான் இருக்கிறது. நான் அதில் இருக்கமாட்டேன்; அவன் உள்ளே வந்தால் அவனுக்கு.