ஆன் செய்தால் போதும்

மார்ச் 4
பட்டறைக் கணினி இன்று காலை உயிரை விட்டது. இருபத்தாறு வருஷம் முன்பு நான் எழுதிய கறுப்புத் திரை டாஸ் புரோகிராம் அதில்தான் ஓடியது. நோயாளியின் அளவைப் போட்டால், செதுக்கும் இயந்திரம் செயற்கைக் காலுக்கு அச்சு வெட்டும். ஆயிரத்து முந்நூறு பேரின் அளவு உள்ளே இருந்தது. நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

முதலாளி என் அக்கா வீட்டுக்காரர்தான். "மாப்ள, பத்து நாள்ல ஓட வை. இல்லேன்னா புது சாஃப்ட்வேர் வாங்கிடுவேன். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐம்பத்தேழு வயதில் என்னை வேறு யார் சேர்ப்பார்கள்?

மார்ச் 6
புதுக் கணினியோடு வந்த விண்டோஸ், என் புரோகிராமைத் தொடவே மாட்டேன் என்கிறது. விண்டோஸ் 98 போட்டேன். அது இந்தக் கணினியைப் பார்த்துப் பேய்முழி முழிக்கிறது.

மார்ச் 9
லினக்ஸ் போட்டேன், அதற்குள் பழைய டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ். என் கறுப்புத் திரை வந்துவிட்டது! ஆனால் செதுக்கும் இயந்திரம் அசையவில்லை. பிரிண்டர் போர்ட் வழியாகக் கட்டளை வெளியே போகவே இல்லை. திரையில் படம் காட்டினால் யாருக்குக் கால் வரும்?

மார்ச் 11
இன்று ஃப்ரீடாஸ், பழைய டாஸின் இலவச மறுபிறவி. போர்ட்டை நேராகத் தொடலாம், நடுவில் தடுக்க ஆளில்லை. ஆனால் பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன் என்று சொல்லிப் படுத்தது புரோகிராம். தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்கும் பழக்கம் அதற்கு. இவ்வளவு வேகத்தைக் கனவிலும் கண்டதில்லை. தெரிந்த கோளாறுதான், திருத்தினேன். நாலு மணிக்கு ஒரு தபால்காரரின் கால் அச்சு வெட்டி விழுந்தது.

மார்ச் 12
அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? ஆன் செய்தால் நேரே அளவுத் திரை. தப்பாக அடித்தால் அதுவே கேட்கும். நகலும் தானே எடுக்கும். இதுவரை நான் கையால் செய்த அத்தனையும்! வரவேற்பில் இருக்கும் பெண்ணை உட்காரவைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் அச்சு வெட்டிவிட்டாள்.

"அப்ப இனி யார் வேணா ஓட்டலாம்ல?" பின்னால் நின்று பார்த்த முதலாளி கேட்டார்.

"கண்ண மூடிட்டு ஓட்டலாம் மாமா" என்றேன். என்ன பெருமை எனக்கு. மடையன்.

மார்ச் 18
"ரொம்ப வருஷம் உழைச்சிட்ட மாப்ள. வீட்ல ரெஸ்ட் எடு." அக்கா பக்கத்தில் நின்று சுவரையே பார்த்தாள். கூடப் பிறந்தவள்!

மார்ச் 19
சொந்தக் காசில் சூனியம்.

ஏப்ரல் 2
வரவேற்புப் பெண் போன் செய்தாள். பாழாய்ப்போன மனசு துள்ளியது. கெட்டுவிட்டதோ?

"ஓடுதாம்மா?"

"ஒரு தடவகூட மக்கர் பண்ணல சார். கம்ப்யூட்டர் ரூமோட இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்காமே, வாங்கிட்டு வரச் சொன்னாரு."

மாலையில் வந்தாள், சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு தடவை நின்று தொலைத்திருக்கக் கூடாதா, சனியன்.