சின்னவளுக்கு இல்லை, அக்கா

இன்று காலை எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அறையைக் கடந்து போனேன். நர்ஸ் ஒருவர் புதிய பேண்டேஜ் துணிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கஞ்சியும் சலவைக் காரமும் கலந்த அந்த வாசனை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை, அக்கா. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் இருபது வருஷம் நின்றவர் நீங்கள். குளித்துப் பூ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அது உங்களை விட்டுப் போகாது.

மதுரையில் நீங்கள் என் எதிரே முதன்முதலில் உட்கார்ந்தபோது, பரம்பரையாக வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். உங்களுக்கு மார்பில் கட்டி எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே, உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இந்த நோய் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"யாருக்கு வரலன்னு கேளுங்க, டாக்டரம்மா" என்றீர்கள்.

அம்மா, இரண்டு சித்திகள், பெரியம்மா மகள். பெயரும் வயதுமாக நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெரியம்மா மகளின் பெயரை எழுதும்போது என் கை நின்றது. என் வயதுதான் அவருக்கு.

மரபணு என்றால் என்ன என்று சொல்லத் தெரியாமல் நான் தடுமாறியதும் நினைவிருக்கிறது. நீங்களே கைகொடுத்தீர்கள். "தறியில நீளவாக்குல ஓடுற பாவுல ஒரு இழை அறுந்தா, அதக் கட்டுற வரைக்கும் துணி நெடுகக் கோடு விழும். அப்படியா?" அப்படித்தான், ஆனால் அதைக் கட்ட எங்களுக்கு இன்னும் தெரியாது என்றேன். பெற்றவரிடம் அந்தக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னேன். நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்.

"அப்போ பாதிப் பேருக்கு இல்லன்னும் சொல்லலாம்ல? அத ஏன் யாரும் சொல்ல மாட்டேங்காவ?"

அந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் போனோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். எனக்கு முன்பே வந்து நிற்பீர்கள். கூமாப்பட்டி பஸ்ஸில் போகும்போதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். தறிச் சத்தத்தில் உங்களுக்குக் காது மந்தம். அதனால் பஸ்ஸே கேட்கும்படி பேசுவீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். "வன்னியம்பட்டியில இருந்து என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாவ. தட்டு மாத்த ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம்னு ஆள் அனுப்பிட்டாவ. அந்த வீட்டுப் பொம்பளைக நாப்பது தாண்ட மாட்டாளுகன்னு யாரோ சொல்லிருக்காவ. எங்க அம்மா செஞ்ச பாவம்னும் சொன்னாவ." அதற்குப் பிறகு நீங்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. இத்தனை அலைச்சலும் சோழபுரத்தில் விவசாயம் பார்த்த உங்கள் அண்ணனின் இரண்டு பெண்களுக்காகத்தான். பெண்களுக்கு வரும் நோய் ஆண் வழியாகவும் இறங்கும் என்று நான் சொன்ன அன்றிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

சோழபுரத்துக்குப் போன அன்று உங்கள் அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியை வரப்பில் எறிந்தார்.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? மூத்தவளுக்கு நிச்சயம் பண்ணிருக்கேன். இந்த நேரத்துல ரத்தம் எடு, சோதனை பண்ணுன்னு டாக்டரக் கூட்டிட்டு வாரியே. ஒனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கணுமா?"

"என்னைய அவிய வேண்டாம்னு சொன்னது ஒண்ணும் தெரியாததாலண்ணே" என்றீர்கள். "தெரிஞ்சிருந்தா நம்ம அம்மாவையே காப்பாத்திருக்கலாம்."

இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் அறைக்குள் போய்விட்டார். வரப்பு வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வந்ததும், "அண்ணனுக்குக் கோவம் இல்ல, டாக்டரம்மா. பயம். எனக்கும் அதே பயந்தான்" என்றீர்கள்.

அடுத்த சில மாதங்களில் நோய் உங்கள் நுரையீரலுக்குப் போய்விட்டது. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிய உங்கள் ரத்தத்தின் முடிவும் அந்த வாரம்தான் வந்தது. கோளாறு இருக்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வார்டுக்கு வந்தேன். முடிவு வந்ததா என்று கேட்டீர்கள். இன்னும் வரவில்லை என்றேன்.

என் முகத்தையே பார்த்தீர்கள். உங்கள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். "வந்துருச்சு. எங்கிட்டப் பொய் சொன்னா எனக்கு என்ன? அந்தப் புள்ளைகளுக்குல்ல நாள் போகுது."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "அப்போ எங்க அம்மா ஒரு பாவமும் பண்ணல" என்றீர்கள். பிறகு, எல்லாவற்றையும் எளிதாக ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள். மறுநாள் உங்கள் அண்ணன் உங்களைப் பார்க்க வந்தார். நான் வெளியே நின்றேன். நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு உங்கள் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். அந்தத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. "தங்கச்சி சொல்லிட்டுப் போயிருக்கா. மொதல்ல எனக்கு எடுங்க" என்று கையை நீட்டினார்.

அவருக்கு இருந்தது. மூத்தவளுக்கும் இருந்தது. அவர் பயந்தது போலவே நிச்சயம் முறிந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மூத்தவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பொறுப்பு என்னுடையது என்று அவள் நினைத்ததில் தவறில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் பெண் பார்க்க வந்தபோது, காபி கொடுக்கும் முன்பே அவளே எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் மறுவாரம் என்னிடம் வந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள். பிறகொரு வருஷப் பரிசோதனையில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. உடனே எடுத்தோம். போன மாதம் அவளுக்கு நாற்பத்தொரு வயது முடிந்தது, அக்கா. தாண்டிவிட்டாள்.

இப்போது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. வெளிநாட்டு மேடைகளில் பேசச் சொல்கிறார்கள். முடிவு வந்த பிறகு ஒருநாள்கூட அதை மேசைக்குள் பூட்டி வைப்பதில்லை. என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி அதுதான். யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. அன்று உங்கள் அண்ணன் மகள்களின் முடிவுகள் வந்தபோது, சின்னவளின் தாளைத்தான் கடைசியாகப் பிரித்தேன். அவளுக்கு இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆள் இல்லாத அறையில், "சின்னவளுக்கு இல்ல, அக்கா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. இருக்கிறது என்று வந்தாலும், இல்லை என்று வந்தாலும், அந்தக் குடும்பத்தைக் கூப்பிடும் முன் உங்களிடம் ஒருமுறை சொல்கிறேன். சொல்லிவிட்டு, நீங்கள் ஏதாவது கேட்பீர்கள் என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.