ஐந்தாம் நாள் துவைத்த சட்டை

அனுப்புநர்:
செனோபியா சுல்கா,
(காலஞ்சென்ற தெயோடோசியோ பலோமினோவின் மனைவி)
புக்காவாய்கோ கிராமம், அயாகுச்சோ, பெரு.

பெறுநர்:
போர்க்கால வழக்குகளுக்கான அரசு வழக்குரைஞர் அவர்கள்.

பொருள்: துணியைத் துவைத்ததைக் காரணம் காட்டி என் கணவரின் கொலை வழக்கை மூடியதை ரத்து செய்யவும், என் கொழுந்தனின் கம்பளிச் சட்டையை வெள்ளிக்கிழமைக்குள் பெற்றுக்கொள்ளவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1984ஆம் ஆண்டு உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த என் கணவரையும் அவர் தம்பி அபிலியோவையும் இராணுவ முகாம் சிப்பாய்கள் வயலிலிருந்தே கூட்டிப்போனார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சென்ற மாதம் அவர்களை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, இரண்டு வெள்ளைப் பெட்டிகளில் திருப்பித் தந்தீர்கள். சதுக்கத்தில் பேண்டு வாசித்தார்கள். அமைச்சர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நானும் அழுதேன். நம்பித்தான் அழுதேன்.

2. பெட்டிக்குள் எலும்புகளோடு துணிகளும் இருந்தன. துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு எலும்புகளை அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் இறந்தவரின் துணியை ஆற்றில் துவைப்பது எங்கள் வழக்கம். துவைக்கும்வரை உயிர் வாசலை விட்டுப் போகாது. அதன்படி என் கணவரின் சட்டையைத் துவைத்தேன்.

3. துவைத்த செய்தி எட்டி, பத்தே நாளில் தங்கள் கடிதம் வந்தது. சட்டை சான்றுப் பொருளாம். குடும்பத்தாரே அதை அழித்துவிட்டோமாம். ஆகவே ‘சிப்பாய்களோடு நடந்த மோதலில் இறந்தார்’ என்று வழக்கு முடிக்கப்பட்டதாம். நான் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது எழுத்தர் எங்கள் கெச்சுவா மொழியிலேயே, “ஏம்மா, தண்ணியில போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். பெட்டியில் வைத்து ஆணியடித்துத் தந்தது யார் என்று கேட்டேன். துவைக்கக் கூடாதென்று ரசீதில் அச்சிட்டிருக்கிறது என்றார். ரசீது ஸ்பானிய மொழியில் இருந்தது. எனக்குத் தெரிந்தது கெச்சுவா மட்டுமே. என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவருக்கு அது நன்றாகத் தெரியும்.

4. அபிலியோவின் கம்பளிச் சட்டை இன்னும் துவைக்கப்படவில்லை. கடைக்குட்டியின் துணியைத் தன் கையால்தான் துவைப்பேன் என்றிருந்த என் மாமியார் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். இப்போது எழுந்து நடமாடுகிறார். வயது எண்பத்தாறு. “எம்புள்ளைய இன்னும் எத்தனை நாள்டி வாசல்ல நிக்க வைப்ப?” என்று தினமும் கேட்கிறார். சட்டையை விதைச் சோளப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, காணோம் என்று அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கள் அலுவலகம் பார்க்க வேண்டிய வேலையை நான் பார்க்கிறேன், ஐயா. வசவும் எனக்குத்தான்.

5. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்பி, எங்களுக்குப் புரியும் மொழியில் ரசீது தந்து, அதை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கைத் திறந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, என் மாமியார் உயிரோடிருக்கும்போதே திருப்பித் தாருங்கள். யாரும் வராவிட்டால் சனிக்கிழமை காலை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் அவரை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

6. என் கணவரின் சட்டையையும் இத்துடன் அனுப்புகிறேன். சோப்புப் போட்டு மூன்று முறை அலசினேன். மண் போய்விட்டது, கறையும் போய்விட்டது. முதுகிலுள்ள மூன்று துளைகள் போகவில்லை. எதிரே நின்று மோதியவருக்கு அவை எப்படி வந்தன என்று, தாங்களே விரலை விட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இடம்: புக்காவாய்கோ
நாள்: 12 ஆகஸ்ட் 2019

இப்படிக்கு,
செனோபியா சுல்கா
(இடது பெருவிரல் ரேகை)

சொல்லக் கேட்டு எழுதியவர்: நில்டா அய்மே, பள்ளி ஆசிரியை. எழுதியதைக் கெச்சுவாவில் படித்துக் காட்டிய பிறகே ரேகை வாங்கப்பட்டது.

இணைப்பு: சட்டை ஒன்று, துவைத்தது.